கிரீஸ் பயணத் திட்டம்: தீவுகள், கப்பல்கள், தொல்லிடங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாதத்தில் போகலாம்?

மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை, இல்லாவிட்டால் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் முதல் இரண்டு வாரம் வரை. மே மாதத்தில் மலைச்சரிவெல்லாம் பூவாக இருக்கும், ஆனால் கடல் தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும். நீச்சல்தான் முக்கியம் என்றால் செப்டம்பர் நல்லது. கோடை முழுக்க வெயிலில் காய்ந்த கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டமும் இறங்கியிருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் முடிந்தவரை தவிர்க்கலாம். ஏதென்ஸில் 40 டிகிரி தொடுகிற நாட்கள் உண்டு. நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதென்ன என்று தோன்றும். ஆனால் அங்கே பார்க்க வேண்டிய இடமெல்லாம் நிழலே இல்லாத வெள்ளைப் பாறை. கூடவே ஏஜியன் கடலில் இந்த இரண்டு மாதமும் ‘மெல்டெமி’ என்ற வடக்குக் காற்று அடிக்கும்; அதைப் பற்றிக் கீழே விரிவாக இருக்கிறது. ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள். அந்த வாரம் கிரேக்கர்களே ஊருக்குக் கிளம்புவதால் கப்பலில் இடம் கிடைக்காது. டினோஸ் தீவுக்கு அந்த நாட்களில் போகவே வேண்டாம், அது அவர்களுடைய பெரிய யாத்திரைத் தலம்.

நவம்பர் முதல் மார்ச் வரை ஏதென்ஸ், டெல்ஃபி தொல்லிடம், கிரீட் தீவு ஆகியவற்றைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் சிறு தீவுகளில் பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் மூடியிருக்கும், கப்பல்களும் குறைந்துவிடும். பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்கிற குடும்பங்களுக்கு மே கடைசி இரண்டு வாரம் சரியாகப் பொருந்தும்.

ஈஸ்டர் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் பெரும்பாலும் நம் காலண்டரில் இருக்கும் ஈஸ்டரோடு ஒத்துவராது. 2027இல் அது மே 2. அந்த வார இறுதியில் கடைகளும் தொல்லிடங்களும் நேரம் மாறும், ஈஸ்டர் ஞாயிறன்று தொல்லிடங்கள் மூடியிருக்கும்.

விசா தேவையா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்குத் தேவையில்லை. ஆனால் ஈடியாஸ் என்கிற இணைய அனுமதி 2026 கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது, கட்டணம் 20 யூரோ. கிளம்பும் முன் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பு. சட்டப்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றாலும் கோடைக்கு முன்னால் நேர்காணல் தேதி கிடைப்பதே இழுபறி. இரண்டு மூன்று மாதம் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கடவுச்சீட்டு 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் நாள் முழுவதற்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. இத்தாலி 6 நாள், கிரீஸ் 4 நாள் என்று திட்டம் போட்டுவிட்டு, கிரீஸில் தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்று அங்கே விண்ணப்பிப்பார்கள். அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும்; நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். விண்ணப்பத்தில் இருக்கும் விடுதி முன்பதிவும் பயணத் திட்டமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலே நிராகரிக்கக் காரணம் கிடைத்துவிடும். தீவுக்குத் தீவு போகும் திட்டத்தில் ஒரு இரவு விடுபட்டுப் போவது எளிது. ஒவ்வொரு இரவுக்கும் ஒரு விடுதிப் பெயர் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளையே வைத்திருங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எத்தனை தீவு பார்க்கலாம்?

விமானப் பயணத்தைச் சேர்க்காமல் 8 இரவு இருந்தால் ஏதென்ஸும் இரண்டு தீவும். 11, 12 இரவு இருந்தால் மூன்று தீவு, அல்லது இரண்டு தீவும், நிலப்பரப்பில் டெல்ஃபி, நாஃப்ப்லியோ ஊர்ப் பக்கமும். ஒரு வாரத்தில் நான்கு தீவு என்று விற்கப்படும் திட்டங்களில் நீங்கள் அதிகம் பார்ப்பது துறைமுகம்தான். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் இரண்டு மணி நேரம் என்றாலும், அறையைக் காலி செய்து, துறைமுகம் போய், காத்திருந்து, ஏறி இறங்கி, அடுத்த அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அரை நாள் போய்விடும்.

குறைந்தது மூன்று இரவு ஒரு தீவில். சாண்டோரினிக்கு மட்டும் இரண்டு போதும்.

எந்தத் தீவுகளைச் சேர்த்துப் போகலாம்?

வரைபடத்தில் பக்கத்தில் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கப்பல் வழித்தடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கிரேக்கத் தீவுகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்தவை. ஒரு கூட்டத்துக்குள் கப்பல்கள் தாராளம், ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிது.

சிக்லடீஸ் கூட்டத்தில் சாண்டோரினி, மைக்கோனோஸ், நாக்சோஸ், பாரோஸ், மிலோஸ், டினோஸ் எல்லாம் வரும்; வெள்ளை வீடும் நீலக் கதவும் இங்கேதான். முதல் முறை போகிறவர்களுக்கு இதுவே எளிது. டோடெக்கனீஸ் கூட்டம் துருக்கிக் கரையோரம். ரோட்ஸ், கோஸ், பாட்மோஸ். ரோட்ஸ் நகரின் மதிலுக்குள் இருக்கும் இடைக்காலத் தெருக்களுக்கே இரண்டு நாள் தேவை. ஐயோனியன் கூட்டம் மேற்குப் பக்கம், இத்தாலிக்கு எதிரே. கோர்ஃபு, கெஃபலோனியா, ஸகின்தோஸ். பச்சைப் பசேல் என்று இருக்கும், கட்டடங்களில் வெனிஸ் வாடை. சரோனிக் தீவுகளான ஏஜினா, ஹைட்ரா இரண்டும் ஏதென்ஸிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஹைட்ராவில் கார், பைக் எதுவும் ஓடாது, சுமைக்குக் கழுதைதான். கிரீட் தனி, அதை ஒரு நாடு என்று நினைத்துத் திட்டமிடுங்கள். கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம்.

‘சாண்டோரினியும் கோர்ஃபுவும்’ என்று கேட்டு வருபவர்கள் நிறைய. இரண்டுக்கும் நடுவே கிரீஸின் நிலப்பரப்பே கிடக்கிறது. ஏதென்ஸ் வழியாக விமானத்தில்தான் போக வேண்டும்.

முதல் பயணத்துக்கு எங்கள் தேர்வு நாக்சோஸ் மூன்று அல்லது நான்கு இரவு, சாண்டோரினி இரண்டு இரவு. நாக்சோஸில் மணல் கடற்கரை நீளமானது, குழந்தைகளுக்கு ஆழம் குறைவு, சாப்பாடு மலிவு, உள்ளே மலைக்கிராமங்களும் உண்டு. மைக்கோனோஸ் இரவு விருந்துகளுக்குப் பேர் போனது. அதில் ஆர்வமில்லாதவர்கள் அந்த விலையைக் கொடுக்க ஒரே காரணம், பக்கத்தில் இருக்கும் தொல்லிடத் தீவான டெலோஸ்.

தீவு முதலா, ஏதென்ஸ் முதலா?

தீவு முதல். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருக்க வேண்டும், தீவில் அல்ல. காற்று பலமானால் துறைமுக அதிகாரிகள் கப்பல் புறப்படத் தடை போடுவார்கள். அது ஒரு நாளும் நீடிக்கலாம், இரண்டு நாளும் நீடிக்கலாம். காலையில் சாண்டோரினியிலிருந்து கப்பல், மாலையில் ஏதென்ஸிலிருந்து விமானம் என்று போட்ட திட்டம் அன்றைக்குச் சிதறிவிடும்.

ஏதென்ஸைக் கடைசி இரண்டு மூன்று நாளுக்கு வைத்தால் அந்த நாட்களே காப்பு. கப்பல் ஒரு நாள் தாமதமானால் அருங்காட்சியகத்தில் ஒன்று குறையும், அவ்வளவுதான். விமானம் காலையில் ஏதென்ஸில் இறங்கினால் அன்றே நேராகத் துறைமுகம் போகலாமா என்றால், குறைந்தது நான்கைந்து மணி நேர இடைவெளி இருந்தால் போகலாம். இல்லையென்றால் முதல் இரவை ஏதென்ஸின் முக்கியத் துறைமுகமான பிரேயஸின் பக்கத்திலேயே கழித்துவிட்டுக் காலைக் கப்பலைப் பிடிப்பது நிம்மதி.

மெல்டெமி காற்று அவ்வளவு தொல்லையா?

ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை வரும், உச்சம் ஜூலையும் ஆகஸ்டும். வானம் பளிச்சென்று இருக்கும், மழையின் சாயலே இருக்காது. ஆனால் கடல் கொதிக்கும். வெளியே பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே இருக்கு, ஏன் கப்பல் ரத்து’ என்று கேட்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். முதலில் ரத்தாவது கேடமரன் வகை விரைவுக் கப்பல்கள். அவை லேசானவை, அலைக்குத் தாங்காது. பெரிய கார் ஏற்றும் கப்பல்கள் இன்னும் பலமான காற்றிலும் ஓடும். காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8 வந்தால் அவற்றுக்கும் தடை வரலாம்.

ரத்தானால், ஐரோப்பியச் சட்டப்படி பணம் திரும்ப வாங்குவதா, அடுத்த கப்பலில் போவதா என்று தேர்வு செய்யும் உரிமை உங்களுடையது. வானிலை காரணமாக ரத்தானால் விடுதிச் செலவைக் கப்பல் நிறுவனம் தர வேண்டியதில்லை. முன்பதிவின்போது கொடுத்த கைபேசி எண்ணுக்குத்தான் செய்தி வரும். அதனால் அங்கே வேலை செய்யும் எண்ணைக் கொடுங்கள். ஊரில் அணைத்து வைத்துவிட்டு வந்த சிம்முக்குக் குறுஞ்செய்தி வந்து என்ன பயன்?

விரைவுக் கப்பலா, பெரிய கப்பலா?

பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்கு விரைவுக் கப்பலில் ஏறத்தாழ 5 மணி நேரம், பெரிய கப்பலில் 7½ முதல் 8. கட்டணம் முன்னதில் கிட்டத்தட்ட 80, 90 யூரோ. பின்னதில் 50 யூரோவை ஒட்டி. நேரம் மிச்சம் என்று எல்லோரும் விரைவைத்தான் எடுப்பார்கள். அதில் பெரும்பாலும் திறந்த தளம் கிடையாது, உள்ளே உட்கார்ந்தே வர வேண்டும், அலையில் குதித்துக் குதித்துப் போகும். கடல் குமட்டல் உள்ளவர்கள் பெரிய கப்பலையே எடுங்கள். நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் வேலை செய்யாது.

கிரீட்டின் ஹெராக்லியோனுக்கு இரவுக் கப்பல் இருக்கிறது, ஏறத்தாழ 9 மணி நேரம். படுக்கை அறை எடுத்தால் ஒரு இரவு விடுதிச் செலவு மிச்சம்.

கப்பலில் ஏறுவது எப்படி? எங்கே சிக்கல் வரும்?

பிரேயஸ் ஒரு பெரிய துறைமுகம், வாயில்களுக்கு ஈ1, ஈ2 என்று எண் உண்டு. மெட்ரோ நிலையத்துக்கு எதிரே இருப்பது ஈ6, ஈ7 பக்கம். சிக்லடீஸ் கப்பல்கள் பலவும் ஈ7இல் கிளம்பும். ரோட்ஸ் பக்கம் போகும் கப்பல்களின் ஈ1 வாயிலோ துறைமுகத்தின் மறுகோடி. பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிற தூரமல்ல. துறைமுகத்துக்குள்ளேயே ஓடும் இலவசப் பேருந்தைப் பிடியுங்கள். வாயில் எண் மாறக்கூடும், முந்தைய நாள் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல்: எல்லாக் கப்பலும் பிரேயஸில் கிளம்புவதில்லை. ராஃபினா என்ற துறைமுகம் விமான நிலையத்துக்கு மிக அருகில். ஆண்ட்ரோஸ், டினோஸ், மைக்கோனோஸ் போக அதுவே வசதி. லாவ்ரியோ இன்னொன்று, கியா, கித்னோஸ் தீவுகளுக்கு. சீட்டில் துறைமுகத்தின் பெயரைப் படிக்காமல் பிரேயஸுக்குப் போய் நின்றால் கப்பல் போய்விடும். ராஃபினா வேறு திசையில், ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது.

ஏறுவது கப்பலின் பின்பக்கத்தில் இறக்கப்படும் இரும்புச் சாய்தளம் வழியாக. லாரியும் காரும் ஆட்களும் அதே வழிதான். உள்ளே நுழைந்ததும் கார் தளத்தின் ஓரத்தில் பெட்டி வைக்கும் அலமாரிகள் இருக்கும், தீவின் பெயர் எழுதியிருக்கும். உங்கள் தீவின் அலமாரியில் பெட்டியை வைத்துவிட்டு, கடவுச்சீட்டு, பணம், மருந்து இருக்கும் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். பயணத்தின்போது அந்தத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள்.

இறங்கும்போதுதான் பதற்றம். இடைத் தீவுகளில் கப்பல் பத்து நிமிடம்கூட நிற்காது. கரையைத் தொடுவதற்கு முன்பே சாய்தளம் இறங்கத் தொடங்கிவிடும், சங்கிலி கிறீச்சிடும், ஊழியர் கையை வீசி விரட்டுவார். அறிவிப்பு வந்தவுடனே கீழே இறங்கி, பெட்டியைக் கையில் பிடித்து நின்றுவிட வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் அறிவிப்புக்குக் கால் மணி முன்பே நகரத் தொடங்குங்கள்.

மே 1 அன்று கப்பல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது வழக்கம். அந்தத் தேதிக்குக் கப்பல் பதிவு செய்யாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து ஏதென்ஸ் நகருக்கு எப்படிப் போவது?

மெட்ரோவின் நீலத் தடம், அதாவது 3ஆம் தடம், விமான நிலையத்திலிருந்து நகர மையத்தில் இருக்கும் சின்டக்மா, மொனாஸ்டிராகி நிலையங்கள் வழியாக நேராகப் பிரேயஸ் துறைமுகம் வரை போகும். 2022 அக்டோபரில்தான் துறைமுகம் வரை நீட்டினார்கள். பழைய வழிகாட்டிகள் நடுவில் மாறச் சொல்லும், தேவையில்லை. கட்டணம் 9 யூரோ. நகருக்குள் சாதாரணச் சீட்டு 1.20 யூரோ, 90 நிமிடம் செல்லும், ஆனால் அது விமான நிலையத்துக்குச் செல்லாது. திரும்பும்போது அந்தச் சீட்டில் ஏறி அபராதம் கட்டுபவர்கள் உண்டு.

நள்ளிரவில் இறங்கினால் மெட்ரோ இருக்காது. எக்ஸ்95 பேருந்து சின்டக்மாவுக்கும் எக்ஸ்96 பிரேயஸுக்கும் 24 மணி நேரமும் ஓடும். டாக்ஸிக்கு நகர மையம் வரை நிலையான கட்டணம்; பகலில் 40 யூரோவை ஒட்டி, நள்ளிரவு முதல் காலை 5 வரை 55 யூரோவை ஒட்டி.

இந்த நீலத் தடத்தில் பிக்பாக்கெட் அதிகம். பெட்டியோடு ஏறுகிறவரைச் சுற்றி நெருக்கி, கதவு மூடும் நேரத்தில் பர்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பணத்தைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

அக்ரோபோலிஸுக்கு முன்பதிவு அவசியமா?

அவசியம். ஏதென்ஸின் நடுவே மலைமேல் இருக்கும் இந்தப் பழங்காலக் கோயில் வளாகத்துக்கு நேரம் குறித்த சீட்டுதான், விலை 30 யூரோ. பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு என்று முன்பு இருந்ததை 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு அதைத் தேடாதீர்கள். கிரேக்கக் கலாசார அமைச்சகத்தின் அதிகாரபூர்வ சீட்டுத் தளத்தில் வாங்குங்கள். தேடினால் மேலே வரும் தளங்கள் பலவும் இடைத்தரகர்களுடையவை, ஒலி வழிகாட்டி என்று சேர்த்து விலையை ஏற்றிவிடும்.

காலை 8 மணிச் சீட்டு, இல்லாவிட்டால் மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. நடுப்பகல் வேண்டவே வேண்டாம். கடும் வெப்பம் அறிவிக்கப்பட்டால் நண்பகலிலிருந்து மாலை 5 மணி வரை மூடிவிடுவதும் நடக்கிறது.

வாயில் இரண்டு. மேற்கு வாயில்தான் எல்லோரும் போவது. தென்கிழக்கு வாயில் அக்ரோபொலி மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில். கூட்டம் குறைவு, டயோனிசஸ் அரங்கைப் பார்த்தபடியே ஏறலாம். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். மேலே பளிங்குத் தரை, பல நூற்றாண்டுகளாகக் காலடி பட்டுக் கண்ணாடி போல் வழுக்கும். ரப்பர் அடியுள்ள ஷூ போடுங்கள், தோல் செருப்பு ஆபத்து. நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

மேலே போய் எதைப் பார்ப்பது? எல்லாம் தூண்தானே?

மலைமேல் இருக்கும் பெரிய கோயிலான பார்த்தெனான் கி.மு. 447இல் தொடங்கி 432இல் முடிந்தது. அதன் படிக்கட்டின் ஒரு மூலையில் குனிந்து, விளிம்போடு கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். நேர்கோடு என்று நினைத்தது நடுவில் மெல்ல உயர்ந்து மறுபடி இறங்குவது தெரியும். நீளப் பக்கத்தில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர், குறுக்குப் பக்கத்தில் 6 சென்டிமீட்டர் அளவுக்கு அடித்தளத்தையே வளைத்திருக்கிறார்கள். தூண்களும் லேசாக உள்நோக்கிச் சாய்ந்தவை. கோயில் பாழானது காலத்தால் மட்டுமல்ல. 1687இல் உள்ளே துருக்கியர் வைத்திருந்த வெடிமருந்தின் மேல் வெனிஸ் படையின் குண்டு விழுந்தது.

பக்கத்துக் கோயிலான எரெக்தியோனில் தூணுக்குப் பதில் நிற்கும் ஆறு பெண் சிலைகள் நகல். அசலில் ஐந்து கீழே அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டனில். அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு; மலைச்சீட்டு செல்லாது. காலையில் மலை, வெயில் ஏறியதும் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால் உடம்பு தாங்கும்.

ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால், எங்கள் வாக்கு தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு. மைசீனி என்ற பழங்கால நகரில் கிடைத்த தங்க முகமூடியும், கடலடியில் கிடைத்த பல்சக்கரக் கருவியான ஆன்டிகிதெரா இயந்திரமும் அங்கேதான்.

வேறு எந்தத் தொல்லிடங்கள் மெனக்கெட்டுப் போகத் தகுந்தவை?

டெல்ஃபி, ஏதென்ஸிலிருந்து 180 கிலோமீட்டர். லியோசியோன் பேருந்து நிலையத்திலிருந்து அரசு அல்லாத கேடெல் பேருந்து, 3 மணி நேரம். ஒரே நாளில் போய்வரலாம், ஆனால் திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கியதும் பார்த்து வையுங்கள். ஒரு நாளைக்குச் சில தடவைதான்.

மைசீனியும் எபிடாரஸ் அரங்கும் பார்க்க நாஃப்ப்லியோவில் ஒரு இரவு தங்குவது வசதி. அந்தப் பேருந்துகள் கிளம்புவது கிஃபிசோஸ் நிலையத்தில். டெல்ஃபிக்கு ஒரு நிலையம், இந்த ஊர்கள் இருக்கும் பெலப்பொனீஸ் பகுதிக்கு வேறு நிலையம். டாக்ஸிக்காரரிடம் சரியாகச் சொல்லுங்கள்.

டெலோஸ், மைக்கோனோஸின் பழைய துறைமுகத்திலிருந்து அரை மணி நேரப் படகு. தீவு முழுக்கத் தொல்லிடம், இரவில் தங்க அனுமதி இல்லை. நிழலே கிடையாது, தலைக்குத் தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். காற்றடித்தால் இந்தப் படகும் நிற்கும், அதனால் மைக்கோனோஸ் போன முதல் நாளிலேயே போய்விடுங்கள்.

கிரீட்டில் க்னோஸஸ் என்ற பழங்கால அரண்மனை, ஹெராக்லியோனிலிருந்து 5 கிலோமீட்டர், நகரப் பேருந்திலேயே போகலாம். அங்கே தெரியும் சிவப்புத் தூண்கள் பலவும் 20ஆம் நூற்றாண்டில், அங்கே அகழாய்வு செய்த ஆர்தர் எவன்ஸ் கட்டவைத்த கான்கிரீட். தெரியாமல் போனால் 3,500 ஆண்டுப் பழசு என்று வியந்துவிட்டு வருவோம். அசல் ஓவியங்கள் ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில்.

சாண்டோரினியில் அக்ரோதிரி, எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரம். மேலே முழுக்கக் கூரை இருப்பதால் உச்சிவெயிலுக்கு ஏற்ற இடம். மாடி வீடுகளும் தாழிகளும் அப்படியே கிடக்கின்றன. மனித எலும்புகள் கிடைக்கவில்லை, மக்கள் முன்பே வெளியேறியிருக்க வேண்டும்.

ஜனவரி 1, மார்ச் 25, மே 1, ஈஸ்டர் ஞாயிறு, டிசம்பர் 25, 26 தேதிகளில் தொல்லிடங்கள் மூடல்.

சாண்டோரினியில் எங்கே தங்குவது?

படத்தில் பார்க்கிற நீலக் குவிமாடம், நீச்சல் தொட்டி எல்லாம் கால்டெரா விளிம்பில், அதாவது கடல் நிரம்பிய எரிமலைப் பள்ளத்தின் மேல் ஓரத்தில். ஓயா, இமெரொவிக்லி, ஃபிரா மூன்றும் அங்கே வரும். அறைக்குப் போகவே செங்குத்தான படி. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், பதிவு செய்யும் முன் ‘சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படி’ என்று விடுதிக்கு எழுதிக் கேளுங்கள், நேராகச் சொல்வார்கள்.

கடற்கரை வேண்டுமென்றால் கமாரி அல்லது பெரிஸா. கறுப்பு மணல், விலை பாதி, தரை சமம். பேருந்துகள் எல்லாம் ஃபிரா வழியாகத்தான் போகும். ஒரு கிராமத்திலிருந்து மற்றொன்றுக்கு ஃபிராவில் இறங்கி மாற வேண்டும்.

கப்பல் வந்து சேரும் அதினியோஸ் துறைமுகம் மலையடியில். மேலே ஏற ஒரே வளைவுச் சாலை. கப்பல் வரும் நேரத்துக்குப் பேருந்து காத்திருக்கும். ஃபிராவுக்குக் கீழே இருக்கும் பழைய துறைமுகம் உல்லாசக் கப்பல் பயணிகளுக்கு. அங்கிருந்து கேபிள் கார் அல்லது 580க்கும் மேற்பட்ட படிகள். கழுதைச் சவாரி வேண்டாம் என்பது எங்கள் கருத்து, அந்த விலங்குகளின் முதுகைப் பார்த்தாலே புரியும்.

ஓயாவில் சூரிய அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் பிடிப்பார்கள். அதே சூரியன் இமெரொவிக்லியிலிருந்தும் தெரியும்.

சைவம் கிடைக்குமா?

நன்றாகவே கிடைக்கும், ஏதென்ஸில் இந்திய உணவகம் தேடி அலைய வேண்டியதில்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் நோன்பு நாட்கள் ஆண்டில் ஏராளம், அதனால் இறைச்சியில்லாச் சமையல் அவர்களுக்குப் பழக்கம். ஜிகாண்டெஸ் என்பது தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய மொச்சை மாதிரிப் பயறு. ஃபாவா, மஞ்சள் பருப்பைக் கடைந்து மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றியது. நம் பருப்புக் கடைசலின் ஒன்றுவிட்ட உறவு. பிரியாம், காய்கறி அடுப்பில் சுட்டது. ஹோர்டா, வேகவைத்த கீரை, எலுமிச்சை பிழிந்து. ஸ்பனகோபிடா, கீரையும் ஃபெட்டா சீஸும் வைத்த பஃப். கத்தரிக்காய், சுரைக்காய் வகையில் வறுவல்களும் உண்டு.

ஏமாற்றுவன சில. கெமிஸ்டா என்ற அடைத்த தக்காளியில் சில கடைகள் கொத்துக்கறி சேர்க்கும். டரமொசலாட்டா இளஞ்சிவப்பாக இருக்கும், அது மீன் முட்டை. அவ்கொலெமொனோ சூப்பில் முட்டையும் பெரும்பாலும் கோழிச்சாறும். ‘நிஸ்டிசிமோ’ என்று சொன்னால் நோன்பு உணவு. பால், முட்டை, இறைச்சி இருக்காது, ஆனால் கணவாயும் இறாலும் அதில் சேர்த்திதான். எனவே ‘ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்சாரி’ என்று சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்.

அசைவத்தில் சுவ்லாகியும் கைரோஸும் பெரும்பாலும் பன்றி. உருண்டைக் கறி பலவும் மாடும் பன்றியும் கலந்தது. வேண்டாதவர்கள் ‘கொடொபுலோ’ என்று கோழி கேளுங்கள். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ பில்லில் ஏறும்.

கார், ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

நாக்சோஸ், கிரீட், ரோட்ஸில் எடுப்பது நல்லது; ஏதென்ஸில் வேண்டாம். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிளம்பும் முன்பே வாங்க வேண்டும், அங்கே போய் வாங்க முடியாது. அது இல்லாமலும் கார் கொடுக்கும் கடைகள் உண்டு. விபத்து என்று வந்தால் காப்பீடு கைவிரிக்கும்.

வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் குறைவு, விலையும் கூட. ‘முழுக் காப்பீடு’ என்று சொன்னாலும் டயர், அடிப்பாகம், கண்ணாடி அதில் சேர்த்தியா என்று படித்துப் பாருங்கள். கரடுமுரடான பாதையில் அடிபடுவது அந்த மூன்றும்தான். எடுக்கும்போதே சுற்றிலும் வீடியோ பிடித்துவிடுங்கள். காரைக் கப்பலில் ஏற்ற, வாடகைக் கடையின் எழுத்து அனுமதி வேண்டும்.

விடுதியில் எதிர்பாராத செலவு ஏதாவது உண்டா?

உண்டு. காலநிலை வரி என்று ஒன்று, அறைக்கு, ஒரு இரவுக்கு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 3 நட்சத்திர விடுதிக்கு 5 யூரோ, 4க்கு 10, 5க்கு 15. குறுகிய கால வாடகை வீடுகளுக்கு 8. முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் இது சேராது, அங்கே போய்க் கட்ட வேண்டும்.

அறை எடுத்ததும் கழிவறையில் மூடிபோட்ட ஒரு சிறு கூடை இருக்கும். டிஷ்யூவை அதில்தான் போட வேண்டும், தொட்டிக்குள் அல்ல. குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும். ஏதென்ஸில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பல தீவுகளில் உப்புக் கரிக்கும், பாட்டில் வாங்குங்கள்.

பணம், சிம், பிளக்?

கார்டு எங்கும் செல்லும். ஏ.டி.எம்.மில் ‘ரூபாயில் கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று யூரோவையே தேர்ந்தெடுங்கள், மாற்று விகிதம் அப்போதுதான் நியாயம். தெருவோரத் தனியார் ஏ.டி.எம்.களைத் தவிர்த்து வங்கிக் கிளையில் எடுங்கள். சிம் வாங்கக் கடவுச்சீட்டு வேண்டும். நம் இரண்டு முனை பிளக் அங்கே பொருந்தும், மூன்று முனை பொருந்தாது. அவசர எண் 112.

கோடீன் கலந்த இருமல் மருந்தோ வலி மாத்திரையோ எடுத்துப்போனால் மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும், அங்கே அது கட்டுப்பாட்டு மருந்து.

ஆலிவ் எண்ணெய் வாங்கி வரலாமா?

வரலாம், பெட்டியில் போடுகிற சாமானில். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். கண்ணாடிப் பாட்டிலை விடத் தகர டின் நல்லது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும் படிவம் கேட்டு வாங்கலாம். அதற்குச் சுங்க முத்திரை வேண்டும். பெட்டியை செக்-இன் செய்யும் முன்பே சுங்க மேசைக்குப் போங்கள், பொருளைக் காட்டச் சொன்னால் பெட்டி கையில் இருக்க வேண்டும்.